நியோபிக்சல் லைட்சேபர்: வெளிச்சத்தைப் பார்க்குமுன் பேட்டரி மூடியைக் கழற்றுங்கள்

லைட்சேபர் என்பது ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளின் மாதிரி. பெட்டியைப் பிரித்ததும் எல்லாரும் செய்யும் முதல் காரியம் பிளேடைச் செருகி ஸ்விட்சை அழுத்துவது. பிடியருகே கிளம்பும் வெளிச்சம் நுனிவரை கோடாக ஓடி ஏறும், கூடவே அந்த ‘வ்வூம்’. ஸ்டார் வார்ஸ் ரசிகரை விழ வைக்க அந்த அரை நொடி போதும். விற்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் விளம்பர வீடியோக்கள் அந்த அரை நொடியையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆறு மாதம் கழித்து எந்த இடம் முதலில் மக்கர் பண்ணும் என்று ஒன்றும் வாய் திறப்பதில்லை.

இங்கே எடுத்துக்கொண்டது அதிகம் புழங்கும் நடுத்தர ரகம்: அலுமினியக் கைப்பிடி, 36 அங்குல நியோபிக்சல் பிளேடு, எஸ்டி கார்டு வைத்த சவுண்ட் போர்டு, ஒற்றை 18650 பேட்டரி (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளமுள்ள லித்தியம் உருளை), யூஎஸ்பி-சி சார்ஜிங். மேலே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும் உள்ளே பெரும்பாலும் இதே சாமான்கள்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அலமாரியில் வைத்து அழகு பார்க்க, கதாபாத்திர வேடம் கட்டிக் காஸ்ப்ளே போட, வீடியோ எடுக்க என்றால் தாராளமாக வாங்கலாம். வாரம் இரண்டு நாள் நண்பரோடு மோதிப் பயிற்சி செய்யத்தான் என்றால், இதைவிட விலை குறைந்த ஆர்ஜிபி வாளே மேல். காரணம் பிளேடின் வயிற்றுக்குள் இருக்கிறது.

ஆர்ஜிபி வாளில் எல்இடி கைப்பிடியின் வாயருகே உட்கார்ந்திருக்கும், பிளேடு காலிக் குழாய். ஒளியைப் பரப்பும் மெல்லிய படலம் ஒன்றை உள்ளே சுருட்டி வைத்து, நுனியில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வட்டத் தகடு ஒன்றை ஒட்டி, கீழிருந்து அடிக்கும் ஒளியைக் குழாய் முழுக்க இழுத்துப் பரப்பப் பார்க்கிறார்கள். என்ன செய்தாலும் அடி பளிச்சென்றும் மேலே போகப் போகச் சற்று மங்கலாகவும்தான் இருக்கும். நியோபிக்சலில் வெளிச்சமே பிளேடுக்குள் இருக்கிறது. மீட்டருக்கு 144 எல்இடி கொண்ட பட்டைகள் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டி, நுரைத்தாளில் சுற்றி, பாலிகார்பனேட் குழாய்க்குள் இறக்கியிருப்பார்கள். 36 அங்குலத்துக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 130 எல்இடி, இரு பக்கமும் சேர்த்து 260.

இந்த எல்இடி ஒவ்வொன்றும் டபிள்யூஎஸ்2812பி வகை. 5 மி.மீ. சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரு குட்டி சிப்பும் இருக்கும். தகவல் போவது பந்தியில் இலை கடத்துவது மாதிரி: முதல் எல்இடி தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும், அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மேலே தள்ளும். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி, ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோ நொடி, 130 எல்இடிக்கு நாலு மில்லி நொடிக்குக் கொஞ்சம் குறைவு. நொடிக்கு 250 தடவை பிளேடு முழுவதையும் புதுப்பிக்கலாம் என்பதால்தான் தீ எரிவது, நுனியில் உருகுவது, துப்பாக்கிச் சூட்டைத் தடுப்பது போன்ற வித்தைகளெல்லாம் சாத்தியமாகின்றன.

கடத்துகிற வரிசையில் ஒருவர் எழுந்து போய்விட்டால் அவருக்கு அப்பால் யாருக்கும் இலை வராது. ஒரு எல்இடி செத்தால் அதற்கு மேலே உள்ளவை இருண்டுவிடும், அல்லது கடைசியாக வந்த நிறத்திலேயே உறைந்து நிற்கும். இரண்டு பட்டைக்கும் ஒரே தகவல் தனித்தனியாகப் போவதால் பழுது ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். பிளேடை மெல்ல உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுசாகவும் மறு பக்கம் பாதியிலும் எரிந்தால் பழுது பட்டையில். இரு பக்கமும் சேர்ந்து தடுமாறினால் பிளேடைக் குறை சொல்லாதீர்கள், பிரச்சினை கைப்பிடி வாயில் இருக்கும் பின்களில்.

இந்தப் பின்கள்தான் இந்த வாளின் நோஞ்சான் இடம். ஸ்பிரிங் வைத்த போகோ பின்கள் கைப்பிடியின் தொண்டையில் நிற்கின்றன, பிளேடின் அடியில் இருக்கும் வட்டப் பலகையில் செப்பு வளையங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ், டேட்டா என்று மூன்றே தொடர்புகள். அதில் நெகட்டிவ் ஒழுங்காக ஒட்டாமல் டேட்டா மட்டும் முதலில் ஒட்டினால், போக வழியில்லாத மின்சாரம் டேட்டா கால் வழியாகப் புகும். முதல் எல்இடி அதில் பொசுங்கும், அதோடு அந்தப் பக்கம் மொத்தமும் போச்சு. ஆகவே வாள் அணைந்திருக்கும்போது மட்டுமே பிளேடைச் செருக வேண்டும், கழற்ற வேண்டும். ‘ஆன்’ செய்துகொண்டே செருகினால் ஜோராக ஏறுகிறது என்று வீடியோ போடுகிறவர்களைப் பின்பற்றாதீர்கள்.

செருகும் முறையும் முக்கியம். அடிவரை இறக்கியதும் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுவது கைக்குத் தெரியும். அந்தத் தள்ளலை அமுக்கிப் பிடித்தபடியே திருகை முடுக்க வேண்டும். பிடியைத் தளரவிட்டு முடுக்கினால் பிளேடு ஒரு மில்லிமீட்டர் மேலே வந்து நின்றுவிடும், அப்புறம் வீசும்போதெல்லாம் நிறம் தாறுமாறாகச் சிமிட்டும். திருகு பொதுவாக எம்4 அளவுள்ள தலையில்லாத ரகம், அதற்கு 2 மி.மீ. ஆலன் சாவி. பிளேடைத் தொடும்வரை விரலால் திருப்பி, அதன்பின் சாவியால் கால் சுற்று, அவ்வளவுதான். 2 மி.மீ. சுவர் உள்ள மெல்லிய குழாய் என்றால் அதற்கு மேல் முறுக்கினால் திருகு முனை குழாயில் பள்ளம் போடும். பிறகு அதே பள்ளத்தில் தவிர வேறெங்கும் பிளேடு நிற்காது.

மாதம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் பின்களையும் செப்பு வளையங்களையும் துடையுங்கள். கை வியர்வைதான் இங்கே எதிரி. பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு பின்னையும் மெல்ல அழுத்துங்கள், அமுங்கி உடனே மேலே வர வேண்டும். அமுங்கியே கிடந்தால் அந்தப் பின்னை மாற்ற வேண்டும். முதல் எல்இடி ஏற்கெனவே போய்விட்டதா? சால்டரிங் தெரிந்தவருக்குப் பெரிய வேலையில்லை. அடிப் பலகையைக் கழற்றி, முதல் எல்இடியை அது உட்கார்ந்திருக்கும் துண்டோடு வெட்டி எறிந்து, அடுத்ததில் வயரை ஒட்டினால் பிளேடு ஏழு மி.மீ. குட்டையாகி மறுபடி எரியும்.

அடுத்து பேட்டரி. தலைப்பில் சொன்ன மூடியைக் கழற்றச் சொல்வது இதற்காக. முழு வெள்ளை நிறத்தில் ஒரு எல்இடியின் மூன்று நிறமும் சேர்ந்து எரியும். நிறத்துக்கு 12 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலே 260 எல்இடிக்கு 9 ஆம்பியரைத் தாண்டுகிறது. வயர், பின், பேட்டரியின் உள்தடை எல்லாம் தின்றது போகச் சற்றுக் குறையலாம். எப்படியும் சாதாரண டார்ச் பேட்டரி இதைத் தாங்காது. தொடர்ந்து 15 ஆம்பியராவது கொடுக்கவல்ல 18650 வேண்டும். நீலம் மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் செலவு. ஆக, 3,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள பேட்டரியில் வெள்ளை 20 நிமிடத்தை ஒட்டியும் நீலம் ஒரு மணி நேரத்தை ஒட்டியும் ஓடும். பெட்டியில் ‘மூன்று மணி நேரம்’ என்று போட்டிருந்தால், பிரகாசத்தை வெகுவாகக் குறைத்து அளந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி உறையில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பச்சைப் பொய். 18650 உடலுக்குள் 3,600 சொச்சத்தைத் தாண்டுவதே அரிது. தராசில் போட்டாலே குட்டு உடையும்: ஒழுங்கான பேட்டரி 45 கிராமை ஒட்டி நிற்கும், போலி அதைவிடக் கணிசமாக இலேசாக இருக்கும். பாதுகாப்பு மின்சுற்று வைத்த பேட்டரி நல்லதுதானே என்று தோன்றும். இந்த வாளில் அதற்கு இரண்டு சிக்கல்கள். அந்தச் சுற்றுக்கான இடம் சேர்ந்து 65 மி.மீ. பேட்டரி 70 மி.மீ.க்கு அருகே போய்விடும், கூட்டுக்குள் நுழையாது. நுழைந்தாலும் வெள்ளை நிறம் போட்டதும் ஏறும் மின்னோட்டத்தை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அது தன்னை அணைத்துக்கொள்ளும். வாள் பற்ற வைத்ததும் பொசுக்கென்று அணைந்து, திரும்பத் தொடக்கச் சத்தம் கேட்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. முழு சார்ஜ் போட்டு, வெள்ளை நிறம், முழுப் பிரகாசம் வைத்து ஒரு நிமிடம் எரிய விடுங்கள். அடியையும் நுனியையும் ஒன்றாகப் படம் எடுங்கள். அடி வெள்ளையாகவும் நுனி ஆரஞ்சுச் சாயலாகவும் இருந்தால் வழியில் வோல்டேஜ் இறங்குகிறது என்று பொருள். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் அளவு போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டாவது வேண்டும். வோல்டேஜ் இறங்கும்போது அவை இரண்டும் முதலில் சோர்ந்து, சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கும். சாயல் இலேசாக இருந்தால் பரவாயில்லை. கை அகலத்துக்கு மேல் நிறம் மாறினால் வயர் மெலிந்தது, அல்லது பேட்டரி மட்டம். திருப்பி அனுப்பக் காலம் இருக்கும்போதே கண்டுபிடிப்பது நல்லது.

சார்ஜ் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். இரு முனையும் சி வகை உள்ள கேபிளைப் போட்டால் சார்ஜ் ஏறாது, பழைய அகல முனை கேபிளில் ஏறும். போர்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ‘நான் மின்சாரம் வாங்கும் கருவி’ என்று சார்ஜருக்குச் சொல்லும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காசு கணக்கில் வராத சாமான். அதில் கை வைத்தவர்கள் வேறெங்கே கை வைத்திருப்பார்களோ என்ற கேள்வி மட்டும் நியாயமானது. 1 ஆம்பியரில் முழு சார்ஜுக்கு மூன்றரை முதல் நாலு மணி நேரம் ஆகும்.

பேட்டரியைக் கழற்ற முடியாமல் சால்டர் செய்து வைத்த மாடலை வாங்காதீர்கள். இதில் மட்டும் இரண்டாம் பேச்சே கிடையாது. வாள் அணைந்திருந்தாலும் போர்டு அரைத்தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். சில மாதம் அலமாரியில் கிடந்தால் பேட்டரி 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, பிறகு தேறாமலே போகும்.

இனி சத்தம். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஒலி வடிவமைத்த பென் பர்ட், பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் டிவி படக்குழாய் அருகே மைக்கில் ஏறிய இரைச்சலையும் கலந்துதான் அந்த ஹம் ஓசையை உண்டாக்கினார். வீசும் ஓசைக்கு அதே ஹம்மை ஸ்பீக்கரில் ஓட விட்டு, அதன் முன்னால் மைக்கை அசைத்துப் பதிவு செய்தார். இன்றைய போர்டுகளின் ‘ஸ்மூத் ஸ்விங்’ அந்தக் கை அசைவைக் கணக்காக மாற்றியது என்று சொல்லலாம். தாழ்ந்த சுருதியில் ஒன்று, உயர்ந்த சுருதியில் ஒன்று என இரண்டு ஓசைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கைரோ சென்சார் அளக்கும் சுழற்சி வேகத்துக்கு ஏற்ப இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கூடும், குறையும். மெதுவாக ஒரு அங்குலம் அசைத்தாலும் ஓசை கூடவே வருவது இதனால்தான். இது இல்லாத மலிவுப் போர்டில் ஒரு எல்லையைத் தாண்டி வீசினால் மட்டும், பதிவு செய்து வைத்த ஒரே ‘வூஷ்’ வரும். ஒருமுறை வித்தியாசம் கேட்டவர் மலிவுப் பக்கம் திரும்ப மாட்டார். பிளேடு எந்த வகையானாலும் இந்த ஒரு அம்சத்தில் சமரசம் வேண்டாம்.

கைப்பிடியின் அடியில் 28 மி.மீ. ஸ்பீக்கர். அதன் பின்னால் காற்றறை இருந்தால்தான் அடிக்குரல் வரும். பேட்டரிக் கூடு ஸ்பீக்கரின் முதுகோடு இடித்துக்கொண்டு நிற்கும் மாடல்களில் சத்தம் தகர டப்பாவில் தட்டியது போலிருக்கும். ஒலி அளவை முழுக்க ஏற்றினால் இன்னொரு வேடிக்கை: ஸ்பீக்கர் அதிர்வையே சென்சார் மோதல் என்று எடுத்துக்கொண்டு, சும்மா இருக்கும் வாள் தானாக ‘டிஷ்’ என்னும். ஒலியை ஒரு படி இறக்குங்கள், அல்லது மோதல் உணர்திறனைக் குறையுங்கள். பேட்டரிக் கூடு ஆடினால் நுரைத்தாள் ஒரு துண்டு வைத்து இறுக்குங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

எஸ்டி கார்டைத் தொடும் முன் அதை அப்படியே கணினியில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு 32 ஜிபிக்கு மிகாமல், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்க வேண்டும். 64 ஜிபி கார்டு வாங்கினால் அது வேறு முறையில் ஃபார்மேட் ஆகி வரும், போர்டு ‘கார்டு இல்லை’ என்று அடம்பிடிக்கும். ஒலிக் கோப்புகள் வேவ் வகை, 44.1 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. ஸ்டீரியோவில் போட்டால் சத்தம் இழுத்தோ கிறீச்சிட்டோ வரும், அல்லது வரவே வராது. ஒரு போர்டுக்கு எழுதிய சவுண்ட் ஃபான்டை (ஒலிக் கோப்புகளின் தொகுப்பை) இன்னொன்றில் அப்படியே கொட்ட முடியாது, கோப்புப் பெயர் முறையே வேறு. மேக் கணினியில் நகலெடுத்தால் புள்ளியில் தொடங்கும் ஒளிந்த கோப்புகளும் தொற்றிக்கொண்டு வரும். அவற்றை அழிக்காவிட்டால் சில போர்டுகள் அவற்றையும் ஒலி என்று நினைத்து நடுவே ஊமையாகிவிடும்.

நிறம், எஃபெக்ட் எல்லாவற்றையும் தன் விருப்பப்படி எழுதத் துடிப்பவருக்கு இந்த ரகம் போதாது. அவர்கள் ப்ராஃபி என்ற சவுண்ட் போர்டுக்குப் போகலாம். அதன் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், அமைப்பைக் கோப்பில் எழுதி ஆர்டுயினோ என்ற நிரல் மென்பொருள் வழியாக ஏற்ற வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சைகையால் இயக்கும் வசதி விளம்பரத்தில் பெரிதாக இருக்கும்: திருகினால் எரியும், குத்தினால் எரியும். மேடையில் நடந்து வரும்போது இடுப்பில் தொங்கும் வாள் தானாகப் பற்றிக்கொள்வதும் இதன் கைங்கரியமே. திருகினால் அணைவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிடலாம். வானவில் நிறம், நெருப்பு போன்றவற்றை இரண்டு நாளைக்கு மேல் யாரும் சீண்டுவதில்லை.

மோதலுக்கு வருவோம். எல்இடி பட்டைகள் தொழிற்சாலையில் அரை மீட்டர் துண்டுகளாகச் செய்து, சால்டரில் ஒட்டி நீளமாக்கப்படுபவை. 36 அங்குலப் பிளேடில் அந்த ஒட்டு நடுப்பகுதியில் விழ வாய்ப்பு அதிகம், எதிராளி ஓங்கி அடிப்பதும் அங்கேதான். 3 மி.மீ. சுவர் உள்ள கனத்த குழாய் உடையாது, ஆனால் அதிர்ச்சியை உள்ளே கடத்தும், ஒட்டு விரியும். ஆர்ஜிபி பிளேடு வெறும் குழாய், உடைந்தால் குழாயை மட்டும் மாற்றலாம். மெதுவாக, நடனம் போல் ஒத்திகை பார்த்து மோதுகிறவர்களுக்கு நியோபிக்சல் தாங்கும். அவர்களும் 32 அங்குலம் எடுப்பது நல்லது. சீரான தடியைச் சுழற்ற எடுக்கும் சிரமம் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, 36க்குப் பதில் 32 என்றால் அது 30 சதவீதம் குறைகிறது. நாலு அங்குலத்துக்கு மணிக்கட்டு இவ்வளவு நன்றி சொல்லும் என்று கையில் எடுக்கும்வரை தெரியாது. குழாய் அக்ரிலிக் என்றால் மோதவே கூடாது, அது கண்ணாடி போல் தெறிக்கும்.

கேமராவில் இந்த வாள் கண்ணால் பார்ப்பதைவிட அழகு. சென்சாரால் அவ்வளவு ஒளியைத் தாங்க முடியாததால் பிளேடின் நடு வெளுத்து, ஓரத்தில் மட்டும் நிறம் படரும். படங்களிலும் காமிக்ஸ் கட்டங்களிலும் வெள்ளை நடுவும் வண்ண ஓரமுமாக வரைவது இதேதான். ஷட்டரை 1/50, 1/60 நொடி அளவில் வையுங்கள். வேகமாக வைத்தால், நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து எரியும் எல்இடியின் துடிப்பு கறுப்புப் பட்டைகளாக விழும்.

‘இது கதவை வெட்டுமா’ என்று கேட்கும் குட்டி ரசிகருக்கும் கணக்கு இருக்கிறது. முழு சார்ஜில் பேட்டரிக்குள் இருப்பது 11 வாட் மணி, அதாவது 40 கிலோ ஜூல். ஒரு கிலோ எஃகை அறை வெப்பத்திலிருந்து உருக்க ஏறத்தாழ 1,250 கிலோ ஜூல் வேண்டும். துளி வீணாகாமல் எல்லாம் எஃகுக்கே போனாலும் உருகுவது முப்பது கிராம் சொச்சம், கட்டைவிரல் நுனி அளவு. படத்தில் கப்பல் கதவை உருக்கும் அந்தக் கைப்பிடிக்குள் எத்தனை ஆயிரம் 18650 சுருண்டிருக்க வேண்டும் என்பதை ரசிகர் கூட்டத்தில் விவாதித்துக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்துக்கு விமானத்தில் போவதானால் உதிரி பேட்டரியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி அனுமதியில்லை. வாளுக்குள் இருப்பதையும் கழற்றி அதோடு சேர்த்துவிடுங்கள், பின்களுக்கு மேல் தூசு மூடியைச் செருகுங்கள், 2 மி.மீ. சாவியை மட்டும் பெட்டியில் போடுங்கள். அது தொலைந்தால் பிளேடு கையில், கைப்பிடி கையில் என்று தனித்தனியாக நிற்க வேண்டியதுதான்.